பட்டம் பெறாமல் திரும்பிய மாணவன்

மகாகவி இரவீந்திரநாத் தாகூரைப் பாடப்புத்தகத்தின் படத்தில்தான் நாம் முதலில் கண்டோம். வெண்தாடி, நீண்ட அங்கி, எங்கோ தூரத்தில் பதிந்த பார்வை. காபூலிவாலாக் கதையை வாசித்து அழுதவர்களும் நம் வகுப்புகளில் இருந்தனர். ஆனால் அந்தத் தாடி முளைக்கும் முன்னர் பதினேழு வயதில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போய், ஒன்றரை ஆண்டில் ஒரு சான்றிதழும் இல்லாமல் வீடு திரும்பிய பையன் ஒருவன் இருந்தான். மேற்படிப்புக்கென்று கப்பலிலும் விமானத்திலும் ஏறிய பரம்பரையினரான நமக்கு அந்தப் பையனின் கதையே அதிகம் நெருக்கமானது.

தாகூர் குடும்பத்துக்கு இலண்டன் புதிதல்ல. பாட்டனார் துவாரகாநாத் பெரும் வணிகர். 1842 இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா மகாராணியாரின் அரண்மனையில் விருந்துண்டவர். 1845 இல் அவர் இரண்டாம் முறை சென்றபோது கல்கத்தா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நால்வரும் மேற்படிப்புக்காக அங்கு சென்றனர். அவர்களில் இருவரது செலவை அவரே ஏற்றார். ராஜ விருந்துகளை விட இந்தச் செய்திதான் மருத்துவத்துறையில் இருக்கும் எங்களுக்கு இனிக்கிறது. அடுத்த ஆண்டே அவர் இலண்டனில் காலமானார். அவரது கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. மகன் தேவேந்திரநாத் நேர்மாறான போக்குடையவர். பிரம்ம சமாஜத்தில் ஈடுபட்டு, தியானமும் துறவு மனமுமாக வாழ்ந்து, தந்தை விட்டுச் சென்ற கடன்களைச் சிறுகச் சிறுக அடைத்தவர். ஆடம்பரத்தின் மீது இரவீந்திரநாத்துக்கு இருந்த சந்தேகம் தந்தை வழியில் வந்திருக்க வேண்டும்.

1861 மே 7 இல் பிறந்த இரவீந்திரநாத்துக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் விட்டு விலகினார். நூற்றாண்டு காணும் பாடசாலையின் மலரில் இதை எழுதுவது கொஞ்சம் சங்கடந்தான். ஆனாலும் உண்மையை மறைக்க முடியாது.

1877 ஜனவரி முதலாம் திகதி டெல்லியில் லிற்றன் பிரபு மாபெரும் தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்தார். யானைகள், கொடிகள், எக்காளங்கள், குறுநில மன்னர்களின் அணிவகுப்பு என ஒன்றுக்கும் குறைவில்லை. அதே நாட்களில் தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. நம் மலையகத் தோட்டங்களுக்கு ஆயிரமாயிரம் பேரைத் துரத்திவிட்ட பஞ்சம் அது. பதினாறு வயதும் நிறையாத இரவீந்திரநாத் அந்தத் தர்பாரைக் கண்டித்துக் கவிதை எழுதி, கல்கத்தாவில் நடந்த இந்து மேளாவில் ஒரு மரத்தின் கீழ் நின்று படித்தார். ருஷ்யாவுக்குப் பயந்த அரசாங்கம் ஒரு சிறுவனின் பேனாவுக்குப் பயப்படவில்லை என்று பின்னாளில் அவரே தம்மைக் கேலி செய்துகொண்டார்.

படிப்பில் நாட்டமில்லாத இந்தக் கடைக்குட்டியை என்ன செய்வது? சட்டம் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பலாம் என்று முடிவாயிற்று. எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகளைப் பற்றி இப்படி முடிவாகியிருக்கிறது! இந்திய சிவில் சேவையில் தேறிய முதல் இந்தியரான அண்ணன் சத்தியேந்திரநாத் அப்போது அகமதாபாத்தில் நீதிபதி. அவருடன் சில மாதங்கள் தங்கிய பின்னர், ஆங்கிலப் பழக்கவழக்கம் பழகுவதற்காகப் பம்பாயில் டொக்டர் ஆத்மாராம் பாண்டுரங்கின் வீட்டில் விடப்பட்டார். இங்கிலாந்து சென்று வந்திருந்த அந்த வைத்தியரின் மகள் அன்னாவே அவருக்கு ஆசிரியை. 1878 செப்ரெம்பரில் அண்ணனும் தம்பியும் கப்பலேறினர்.

பிறைற்றன் நகரில் அண்ணி ஞானதானந்தினி பிள்ளைகளுடன் முன்னரே குடியிருந்தார். இந்த அண்ணியைப் பற்றி இரண்டு வரியாவது சொல்லாமல் போக மனமில்லை. அந்தப்புரத்தை விட்டு வெளியே வந்து வைஸ்ராயின் மாளிகை வரவேற்புக்கு அவர் சென்றபோது, அங்கிருந்த உறவினர் ஒருவர் வெட்கம் தாங்காமல் வெளியேறிவிட்டாராம். 1877 இல் கணவர் துணையின்றி மூன்று சிறுபிள்ளைகளுடன் இங்கிலாந்துக்குக் கடல் கடந்தவரும் அவரே. வங்கப் பெண்கள் இன்று சேலை உடுக்கும் முறையிலும் அவரது கை இருக்கிறது. கொழுந்தன் புகழ் பெற்றதால் அண்ணியின் பெயர் அடிக்குறிப்பாகிவிட்டது.

இங்கிலாந்து ஒரு சிறிய தீவு, அதன் எந்த மூலையில் நின்றாலும் கிளாட்ஸ்ரனின் பேச்சும் மாக்ஸ் முல்லரின் வேத விளக்கமும் காதில் விழும் என்றுதான் பையன் கற்பனை செய்திருந்தான். வந்து பார்த்தால் மனிதர்கள் கடைக்கும் கந்தோருக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அண்ணியின் வீட்டிலேயே சுகமாக இருந்தால் படிப்பு ஏறாது என்று குடும்ப நண்பர் தாரக்நாத் பாலித் அவரை இலண்டனுக்கு அழைத்துச் சென்று றீஜன்ற் பூங்காவின் எதிரே ஒரு வாடகை வீட்டில் விட்டார். குளிர்காலம், இலையுதிர்ந்த மரங்கள், அறிமுகமற்ற ஊர். முதல் குளிர்காலத்தைத் தனி அறையில் கழித்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

அங்கே இலத்தீன் கற்பிக்க ஒருவர் வந்தார். மெலிந்த உடல், குளிருக்குப் போதாத உடை. உலகெங்கும் ஒரே காலத்தில் ஒரே கருத்துத்தான் எல்லாச் சமூகங்களிலும் வெளிப்படும் என்பது அவர் கொண்ட கொள்கை. அதை நிறுவுவதற்குச் சான்றுகள் தேடுவதிலேயே அவர் வாழ்வு போய்க்கொண்டிருந்தது. மனம் அதில் இருந்ததால் இலத்தீன் நகரவில்லை. வீடு மாறும்போது மாணவன் கூலியைக் கொடுக்க, தான் ஒன்றும் கற்பிக்கவில்லை, நேரத்தைத்தான் வீணாக்கினேன் என்று வாங்க மறுத்தார். வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. கவிஞர் தம் நினைவுகளில் இந்த ஏழை ஆசிரியரை மறக்காமல் எழுதினார்.

1879 இல் அவர் பாராளுமன்ற விவாதங்களைப் பார்க்கச் சென்றார். ஆட்சியில் டிஸ்ரேலி. எதிரணியில் கிளாட்ஸ்ரன். ஆப்கானிஸ்தானில் யுத்தம், இந்தியாவில் சுதேச மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்த 1878 ஆம் ஆண்டுச் சட்டம், பஞ்சத்தில் நலிந்த மக்கள் மீது வரி. அவருடைய நாட்டின் விதி பேசப்பட்ட இடம் அது. ஆனால் அங்கே கண்டது அவரைத் திகைக்க வைத்தது. உறுப்பினர்கள் கொட்டாவி விட்டார்கள். அயர்லாந்து உறுப்பினர் ஒருவர் எழுந்தால் மற்றவர்கள் கூச்சலிட்டும் விலங்குகள் போல் ஒலி எழுப்பியும் அவரைப் பேச விடாமல் செய்தார்கள். அயர்லாந்தவர் தம் நாட்டுக்காகப் பேசினாலும் இந்தியாவுக்காகப் பேசினாலும் அதே மரியாதைதான். கிளாட்ஸ்ரன் எழுந்தபோது மட்டும் வெளியே நின்றவர்களும் உள்ளே வந்து ஆசனங்கள் நிறைந்தன. சபை அமைதியானது.

ஜோன் பிரைற்றின் பேச்சையும் கேட்டார். குவேக்கர் சமயத்தவரான பிரைற் யுத்தங்களை எதிர்த்தவர், இந்தியாவின் நிர்வாகச் சீர்கேட்டைப் பல்லாண்டுகளாகக் கண்டித்தவர். தன் நாட்டின் நலனையும் தாண்டி மனிதருக்காகப் பேசும் ஓர் ஆங்கிலக் குரல் உண்டு என்பதை அந்த மாணவன் நேரே கேட்டான். அது அவர் மனதில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

அவர் அமர்ந்து பார்த்த அந்தச் சபையில் பெண்களுக்குத் தனி மாடம் இருந்தது. சபாநாயகரின் ஆசனத்துக்கு மேலே, பித்தளைக் கம்பி அழிக்குப் பின்னால். உள்ளே இருப்பவர்களின் முகம் உறுப்பினர்களுக்குத் தெரியக்கூடாது என்பதே ஏற்பாடு. வாக்குரிமை கேட்ட பெண்கள் 1908 இல் தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டது அந்த அழியில்தான். அது அகற்றப்பட்டது 1917 இல். இலண்டனில் வாழும் நம்மவர்கள் இன்று பார்வையாளர் மாடத்தில் சாதாரணமாகப் போய் அமர்கிறார்கள். 2009 இல் நம் நாட்டைப் பற்றி உள்ளே பேசப்பட்டபோது வெளியே பாராளுமன்றச் சதுக்கத்தில் பதாகையுடன் நின்றவர்களும் நம்மில் உண்டு. தன் சனத்தைப் பற்றி மற்றவர்கள் விவாதிப்பதை வாய் திறக்க உரிமையில்லாமல் கேட்டிருப்பது எப்படிப்பட்ட அனுபவம் என்பதை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பின்னர் டொக்டர் ஸ்கொற் என்பவரின் குடும்பத்தில் தங்கினார். இந்தியர் ஒருவர் வருகிறார் என்றதும் வீட்டின் இளைய பெண்கள் இருவர் பயந்து உறவினர் வீட்டுக்குப் போய்விட்டனர். ஆபத்தில்லை என்று தெரிந்த பின்னரே திரும்பினார்களாம். சில வாரங்களில் அந்த வீட்டின் பிள்ளையாகவே அவர் ஆகிவிட்டார். திருமதி ஸ்கொற் அவரைத் தாய் போலப் பார்த்துக்கொண்டார். இக்காலத்தில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்து ஹென்றி மோர்லியிடம் ஆங்கில இலக்கியம் பயின்றார். படித்ததில் மனம் ஒன்றியது அங்கேதான்.

இதற்கிடையில் அவர் ஊருக்கு எழுதிய கடிதங்கள் குடும்பப் பத்திரிகையான பாரதியில் வெளிவந்தன. பேச்சு வங்காளத்தில், பயமறியாத நையாண்டியுடன் எழுதப்பட்டவை. ஆங்கிலேயரை மட்டுமல்ல, இங்கிலாந்து போய் வேஷம் மாறிய தம் நாட்டவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. வீட்டில் புயலைக் கிளப்பியது வேறொன்று. அங்கே பெண்கள் ஆண்களோடு சரிசமனாக அமர்ந்து பேசுவதையும் வெளியே நடமாடுவதையும் மெச்சி, நம் பெண்களை ஏன் அடைத்து வைத்திருக்கிறோம் என்று கேட்டிருந்தார். பத்திரிகையாசிரியரான மூத்த அண்ணன் துவிஜேந்திரநாத் கடிதங்களோடு தம் மறுப்பையும் அச்சிட்டார். தம்பி அடுத்த கடிதத்தில் பதில் கொடுத்தார். கடைசியில் தந்தையின் அழைப்பு வந்தது. 1880 இன் தொடக்கத்தில், பாடநெறி முடியாமலே திரும்பினார். திருமதி ஸ்கொற் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண் விடுதலைக்காக அண்ணனோடு வாதாடிய அதே இளைஞர் 1883 இல் பத்து வயதும் நிறையாத மிருணாளினியை மணந்தார். 1901 இல் தம் மகள்களில் மூத்தவளைப் பதினான்கு வயதிலும் அடுத்தவள் ரேணுகாவைப் பத்து வயதிலும் மணம் செய்து கொடுத்தார். ரேணுகா இரண்டு ஆண்டுகளில் காசநோயால் இறந்தாள். காலம் அப்படி என்று சொல்வார்கள். பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டுமென்று நம் ஊரில் பள்ளிக்கூடம் கட்டியவர்களும் ஏறத்தாழ அந்தக் காலத்தவர்களே. மகாகவி என்பதற்காக நாம் இதைக் கண்டும் காணாமல் விடத் தேவையில்லை. அவரது பிற்காலக் கதைகளில் வரும் பெண்கள், கணவன் வீட்டை விட்டு வெளியேறுகிறவர்கள் உட்பட, அவர் இதை மறக்கவில்லை என்றே நமக்குத் தோன்றச் செய்கிறார்கள்.

பிந்திய வாழ்வு எல்லோரும் அறிந்தது. 1901 இல் சாந்திநிகேதனில் பள்ளி. 1913 இல் நோபல் பரிசு. 1915 இல் சேர் பட்டம். 1911 இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் டெல்லித் தர்பாருக்கு வந்த மாதத்திலே அவரது ஜன கண மன காங்கிரஸ் மாநாட்டில் பாடப்பட்டதால், அது மன்னரைப் புகழ்ந்த பாடல் என்று சிலர் வதந்தி கிளப்பினார்கள். பதினைந்து வயதிலேயே தர்பாரைக் கண்டித்தவருக்கு அது எவ்வளவு கசந்திருக்கும்! 1919 ஏப்ரலில் ஜாலியன்வாலாபாக்கில் மக்கள் சுடப்பட்டனர். மே 31 ஆம் திகதி வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதி, சேர் பட்டத்தைத் துறந்தார்.

இலங்கைக்கும் அவர் பல முறை வந்தார். 1934 இல் தம் நடன நாடகக் குழுவுடன் வந்து, ஹொரணையில் ஸ்ரீபாலி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டி, கண்டியில் ஒரு நாவலை எழுதி முடித்து, யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். நம் அம்மம்மாமாரின் தலைமுறை அவரை நேரில் பார்த்தது.

1940 ஓகஸ்ட் 7 இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் சாந்திநிகேதனுக்கே வந்து அவருக்குக் கலாநிதிப் பட்டம் அளித்தது. செந்நிற அங்கி, ஊர்வலம், இலத்தீன் உரை, எல்லாம் முறைப்படி. அவர் சமஸ்கிருதத்தில் பதிலுரைத்தார். கூலி வாங்க மறுத்த அந்த இலத்தீன் ஆசிரியரின் மாணவர்தான் அன்று இலத்தீன் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார்.

அடுத்த ஏப்ரலில், வங்காளப் புத்தாண்டன்று, எண்பதாவது பிறந்தநாளுக்காக அவர் எழுதிய நாகரிகத்தின் நெருக்கடி என்ற உரை வாசிக்கப்பட்டது. உடல் தளர்ந்திருந்ததால் இன்னொருவர் வாசித்தார். மாணவப் பருவத்தில் பாராளுமன்றத்தின் உள்ளும் வெளியும் தாம் கேட்ட ஜோன் பிரைற்றின் பேச்சுக்களை அதில் நினைவுகூர்ந்தார். அந்தக் குரலை நம்பித்தான் ஆங்கிலேயர் மீது மதிப்பு வளர்த்ததாகவும், ஐரோப்பா தீப்பற்றி எரிய, தம் நாடு வறுமையில் கிடக்கக் கண்டு அந்த நம்பிக்கை முறிந்ததாகவும் சொன்னார். மனிதர் மீதான நம்பிக்கையை மட்டும் விட மறுத்தார்.

சிறுநீர் அடைப்பு அவரை வருத்தியது. சத்திரசிகிச்சை வேண்டுமா என்பதில் வைத்தியர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. இன்று எங்கள் விடுதிகளில் நாளாந்தம் பார்க்கும் நோய் அது. அன்று எண்பது வயதில், கிருமிக்கொல்லி மருந்துகள் பரவலாகாத காலத்தில், ஆபத்தான முடிவு. ஜூலை 30 காலை ஒரு கவிதையைச் சொல்லி எழுதுவித்தார். பின்னர் பிறந்த வீட்டிலேயே, உடலின் அந்தப் பகுதியை மட்டும் மரக்கச் செய்து, சத்திரசிகிச்சை நடந்தது. சொன்ன கவிதையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். திருத்தக் கிடைக்கவில்லை. ஒக்ஸ்போட் பட்டம் பெற்ற அதே திகதியில், 1941 ஓகஸ்ட் 7 இல், காலமானார்.