சரளைக்குள் ஒளிந்த கருமணி

இரத்தினபுரி என்றவுடன் நீலமும் புட்பராகமும் நம் நினைவுக்கு வரும். அவ்வூர் மண் உலகுக்கு அளித்த கரிய கல் ஒன்றும் உண்டு. அணியாகப் பதிக்கப்படாத அக்கல்லோடு, கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமியின் இளமைக்காலம் பின்னிக் கிடக்கின்றது. கலைஞானியாகவே அவரைப் போற்றும் நாம், அவர் கனிப்பொருள் ஆய்வாளராய் வாழ்ந்த ஆண்டுகளை மறந்துவிடுகிறோம்.

1877 ஆகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பிற் பிறந்தவர் ஆனந்தர். தந்தை சேர் முத்துக் குமாரசுவாமி. தாய் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கில மாது. இராமநாதனும் அருணாசலமும் இவருக்கு அத்தை மக்கள். 1879இல் தந்தை மறைய, ஆனந்தர் இங்கிலாந்திலே தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று, 1900இல் பட்டம் பெற்றார்.

1903இல் இலங்கைக் கனிப்பொருள் அளவைக்கு அவர் முதல் இயக்குநரானார். மறு ஆண்டு, சப்ரகமுவ மணிச்சரளையில் ஹொலண்ட் என்பார் கண்டெடுத்த, பாரம் மிக்க கரிய கனசதுரப் படிகங்கள் அவர் கைக்கு வந்தன. முதலில் அவற்றை யுரேனினைற்று என்றே அவர் கருதினார். இலண்டனில் டன்ஸ்ரன் செய்த இரசாயனப் பகுப்போ, அதில் மிகுந்திருப்பது தோரியமே எனக் காட்டிற்று. புதிய கனிப்பொருளுக்குத் தோரியனைற்று என்று பெயரிடப்பட்டது. முதற் கருத்துத் திருத்தம் பெற்றதனால் ஆய்வாளரின் பெருமை குன்றவில்லை; ஐயத்தைச் சோதனைக்கு விடுவதன்றோ விஞ்ஞானத்தின் வழி!

சப்ரகமுவக் கல் விரைவிலே உலகை எட்டியது. இக்கனியிலிருந்து பெற்ற பேரியம் உப்பினை இராம்சே இலண்டனில் ஒற்றோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞரிடம் ஒப்படைத்து, அதிலுள்ள ரேடியத்தைப் பிரித்தெடுக்கப் பணித்தார். மீண்டும் மீண்டும் படிகமாக்கிப் பிரித்த ஹான், 1905இல் ரேடியோதோரியம் என்னும் புதிய கதிர்ப்பொருளைக் கண்டார்.

உலோகங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது அந்நாளில் பொறுமையைச் சோதிக்கும் வேலை. பின்வந்த தலைமுறைக்கு எளிய வழி ஒன்று கிட்டியது. 1935இல் அடம்சும் ஹோம்சும் இங்கிலாந்தில், அயன்களை மாற்றிக்கொள்ளவல்ல செயற்கைப் பிசின்களை அறிவித்தனர். இப்பல்பகுதியப் பிசின்மணிகள் தம்மிடமுள்ள ஓர் அயனை விடுத்து, கரைசலில் உள்ள வேறோர் அயனைப் பற்றிக்கொள்ளும். செறிந்த நைத்திரிக்கமிலத்திலே தோரியம் நைத்திரேற்றுடன் கூடி மறையேற்றம் பெறும். அதனை அதற்கேற்ற பிசின் பிடித்துக்கொள்ள, பிற உலோகங்கள் பலவும் வழிந்தோடும். பின்னர் ஐதான அமிலத்தாற் கழுவினால் தோரியம் கழன்றுவரும். பிசினையும் மீண்டும் பயன்படுத்தலாம். அமிலக் கழிவில் எஞ்சிய உலோகத்தை ஆற்றில் விடாமல் மீட்கவும் இம்முறை உதவுகின்றது. கழிவென்று கொட்டினால் நஞ்சாவது, மீட்டெடுத்தால் பொருளாகின்றது.

கல்லைத் தேடி ஊர்தோறும் சென்ற ஆனந்தரின் கண்ணில் வேறோர் இழப்பும் பட்டது. தலைமுறை தலைமுறையாக வந்த நெசவும் உலோகவேலையும் ஓவியமும், இறக்குமதிப் பண்டங்களின் முன் நலிந்து கிடந்தன. பழமை என்று தள்ளப்பட்ட அவற்றுள் அரிய பொருள் உண்டென்பதை அவர் உணர்ந்தார். 1906இல் அவரது அளவைப் பணி முடிந்தது. இலண்டன் பல்கலைக்கழகம் அவ்வாண்டே அவருக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. அப்பட்டத்தைக் கொண்டு உயர் உத்தியோகம் தேடியிருக்கலாம். அவரோ, 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1917 முதல் பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலையிற் பணிபுரிந்தார். 1918இல் சிவநடனம் பற்றிய கட்டுரைநூல் வெளிவந்தது. 1947 செப்டெம்பர் 9ஆம் நாள் மசச்சூசெற்சில் அவர் கண்மூடினார்.

கல்லை ஆய்ந்த காலமும் கலையை ஆய்ந்த காலமும் இருவேறு வாழ்வுகள் அல்ல. எதனையும் எறியுமுன் அதனுள் யாது உளதென்று பார்க்கவேண்டும் என்ற ஒரே பாடத்தை, சரளையிற் கற்று, சிற்பத்திலே அவர் கடைப்பிடித்தார். நம் மாணவர் அவரது கலைநூல்களைப் பயிலும்போது, பலாங்கொடைப் பக்கத்துக் கரிய கல்லையும் ஒருகணம் நினைப்பாராக.