பாதியில் நின்ற படிப்பைத் தொடர்ந்தவர்: துர்காபாய் தேஷ்முக்

நாம் ஒன்றுகூடும்போதெல்லாம் பழைய குரூப் போட்டோக்களைப் புரட்டிப் பார்க்கிறோம். முதலாண்டுப் படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் சில முகங்கள் கடைசி ஆண்டுப் படத்தில் இருப்பதில்லை. கல்யாணம், குடும்பக் கஷ்டம் என்று பாதியில் நின்று போனவர்கள். அவர்களில் நம் தோழிகளே அதிகம். அவர்களை நினைத்துத்தான் துர்காபாய் தேஷ்முக் அம்மையாரின் வாழ்க்கையை இம்மலரில் எழுத முனைந்தேன்.

1909 ஜூலை 15-ல் ராஜமுந்திரியில் பிறந்தவர் துர்காபாய். எட்டு வயதில் கல்யாணம்! விவரம் தெரிந்த வயதில் அந்த வாழ்க்கை வேண்டாம் என்று துணிந்து விலகிக்கொண்டார். வீட்டாரும் துணை நின்றார்கள். ஆங்கிலவழிப் படிப்பை எதிர்த்துப் பள்ளியை விட்டு, ஊர்ப் பெண்களுக்கு ஹிந்திப் பள்ளி நடத்தினார்.

1923-ல் காக்கிநாடா காங்கிரஸ் மாநாடு. கதர்க் கண்காட்சி வாசலில் நின்ற இந்தச் சின்னத் தொண்டர், டிக்கெட் இல்லாமல் வந்த ஒருவரை உள்ளே விட மாட்டேன் என்று தடுத்துவிட்டார். வந்தவர் யார் தெரியுமா? ஜவாஹர்லால் நேரு! பெரியவர்கள் பதறிப்போனார்கள். டிக்கெட் வாங்கிக் கொடுத்த பிறகுதான் வழி விட்டார். நேருவோ பாராட்டிவிட்டுப் போனார்.

1930-ல் சென்னையில் உப்பு சத்தியாகிரகம். 1933-க்குள் மூன்று முறை சிறை. மதுரையில் தனிமைச் சிறை வேறு. அங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது. எழுதப் படிக்கத் தெரியாமல், தங்களுக்காக வாதாட ஆளில்லாமல் தண்டனை அனுபவித்த ஏழைப் பெண்களைச் சிறையில் பார்த்தார். இவர்களுக்காகவாவது சட்டம் படிக்க வேண்டும் என்று மனத்தில் விழுந்தது.

ஆனால் கையில் மெட்ரிக் கூட இல்லை. வயதோ இருபதைத் தாண்டிவிட்டது. விட்டாரா? காசி ஹிந்து பல்கலைக்கழகத்தின் மெட்ரிக் தேர்வைத் தனியாகப் படித்து எழுதினார். அடுத்து வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகம். பெண்களுக்கு விடுதி இல்லை, அதனால் இடம் கிடைப்பது கஷ்டம் என்றார்கள். உடனே பத்திரிகையில் விளம்பரம் செய்து, தம்மைப் போலவே படிக்கத் துடித்த பெண்களைத் திரட்டி, அவரே விடுதி நடத்திவிட்டார்! 1942-ல் சென்னையில் சட்டப் படிப்பை முடித்து வழக்கறிஞர் ஆனார். கிரிமினல் வழக்குகளில் நல்ல பெயர் எடுத்தார்.

இதற்கிடையே 1937-ல் சென்னையில் ஆந்திர மகிளா சபாவைத் தொடங்கிவிட்டார். படிப்பு விட்டுப்போன பெண்களை மெட்ரிக் தேர்வுக்குத் தயார் செய்வது அதன் முதல் வேலைகளில் ஒன்று. தாம் பட்ட பாடு மற்றவர் படக்கூடாது என்ற எண்ணம்தான்.

1946-ல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். அவைத் தலைவர் குழுவில் இருந்த ஒரே பெண் இவர்தான். மாநிலங்களவை உறுப்பினராக 35 வயது ஆக வேண்டும் என்றிருந்ததை 30 ஆகக் குறைக்கத் திருத்தம் கொண்டுவந்தவரும் இவரே. இளைஞர்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை!

எல்லாமே வெற்றிதானா என்றால், இல்லை. 1952 பொதுத் தேர்தலில் தோற்றார். ஆனால் முடங்கவில்லை. திட்டக் கமிஷன் உறுப்பினர் பொறுப்பு வந்தது. 1953 ஜனவரியில் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்கை எளிய முறையில் மணந்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நேருவும் ஒருவர். அன்று வாசலில் டிக்கெட் கேட்கப்பட்ட அதே நேரு!

அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. இவரே முதல் தலைவர். பள்ளியை விட்ட பெண்கள் குறுகிய காலத்தில் படித்துத் தேர்வு எழுத அந்த வாரியம் வகுப்புகள் நடத்தியது. மயிலாப்பூரில் சிறிதாகத் தொடங்கிய வேலை நாடு முழுதும் பரவியது. 1958-ல் பெண் கல்விக்கான தேசியக் குழுவுக்கும் தலைமை ஏற்றார். 1975-ல் கணவர், மனைவி இருவருக்குமே பத்ம விபூஷண் விருது.

ஒரு ஆசை மட்டும் அவர் இருக்கும்போது நிறைவேறவில்லை. 1953-ல் சீனா போய் வந்ததிலிருந்து, குடும்ப வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று நேருவிடமும் நீதிபதிகளிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். 1981 மே 9-ல் அவர் காலமானார். குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது 1984-ல்தான்.

இன்று கல்லூரியில் படிக்கும் தங்கைகளே, எந்த நெருக்கடி வந்தாலும் படிப்பை விட்டுவிடாதீர்கள். விட்டுப்போனாலும் திரும்பி வர வழி உண்டு. முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த முதலாண்டுப் படத்தில் உள்ளவர்களின் முகவரியைத் தேடுவோம். பட்டம் வாங்கவில்லை என்பதற்காக அவர்கள் நம் சங்கத்துக்கு அந்நியரா என்ன? அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் அழைப்போம். மறுபடி படிக்கிறேன் என்று ஒருத்தி சொன்னாலும், பரீட்சைக் கட்டணத்தை நாமே கட்டுவோம்.