வ.வே.சு. ஐயரும் கல்யாண தீர்த்தமும்

சாரல் தொடங்கிவிட்டால் நம் குடியிருப்பில் விருந்தாளிகள் இல்லாத வீடே இருக்காது. சென்னையிலிருந்து மகன் வருவான், பெங்களூரிலிருந்து மருமகள் வீட்டார் வருவார்கள். காலையில் ஐந்தருவி, மாலையில் பழைய குற்றாலம், மறுநாள் பாபநாசம் என்று திட்டம் போடுவோம். பாபநாசம் போகிறவர்கள் அகஸ்தியர் அருவியில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு மேலே இருக்கும் கல்யாண தீர்த்தத்தில் 1925-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை முடிந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்தான் வ.வே.சு. ஐயர். அவர் மறைந்து நூறாண்டுகள் கடந்துவிட்டன. அவரைப் பற்றியும், அவர் முடிவு நமக்குச் சொல்லும் ஒரு முக்கியமான விஷயத்தைப் பற்றியும் இந்த இதழில் எழுதுகிறேன்.

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் 1881 ஏப்ரல் 2 அன்று திருச்சி வரகனேரியில் பிறந்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்து, பிறகு வக்கீல் ஆனார். சில காலம் ரங்கூனில் தொழில் செய்தார். 1907-இல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போனார். நல்ல வருமானம், வசதியான வாழ்க்கை என்று போயிருக்க வேண்டியவர், அங்கே இந்தியா ஹவுஸில் சாவர்க்கர் முதலியோரோடு சேர்ந்து புரட்சியாளராக மாறிவிட்டார். 1910-இல் போலீஸார் தேடத் தொடங்கியதும், மாறுவேடத்தில் பல நாடுகள் சுற்றிப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே பாரதியாரும் அரவிந்தரும் இருந்தார்கள். நம் பக்கத்துச் செங்கோட்டைக்காரரான வாஞ்சிநாதன் புதுச்சேரிக்குப் போய்த் துப்பாக்கிப் பயிற்சி பெற்றது ஐயரிடம்தான் என்பார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட கதை நம் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் புதுச்சேரி வாசத்தில்தான் ஐயர் எழுத்தாளரானார். முதல் உலகப் போரின்போது எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டதும், புதுச்சேரியில் இருந்த புரட்சியாளர்களை நாடு கடத்திவிடுவார்கள் என்ற பேச்சு எழுந்தது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சில மாதங்களில் திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தமிழ்ச் சிறுகதைக்கு முன்னோடி என்று பலரும் சொல்லும் குளத்தங்கரை அரசமரம் அவர் எழுதியதே.

1920-இல் புதுச்சேரியை விட்டு வெளியே வந்தார். தேசபக்தன் பத்திரிகைக்கு ஆசிரியரானார். அதில் வந்த கட்டுரைக்காக 1921-இல் சிறை. பெல்லாரிச் சிறையில் இருந்தபோது கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். அது அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் அச்சேறியது.

சிறையிலிருந்து வந்தவர் நம் தாமிரபரணிக் கரைக்கு வந்தார். சேரன்மகாதேவியில் தமிழ்க் குருகுலம் நடத்தினார். பால பாரதி என்ற பத்திரிகையும் வெளியிட்டார். ஆனால் குருகுலத்தில் சில பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது பெரிய பிரச்சினையானது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்தது நியாயமே. விவகாரம் காந்திஜி வரை போயிற்று. கடைசியில் 1925-இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார்.

அதன் பிறகு சில வாரங்களே இருந்தார். குருகுலத்துப் பிள்ளைகளோடும் தம் மக்களோடும் பாபநாசத்துக்குச் சுற்றுலா போனார். கல்யாண தீர்த்தத்தில் நீர் ஓடும் பாறை இடுக்கைத் தாண்ட முயன்றபோது மகள் சுபத்ரா தவறி விழுந்தாள். அவளைக் காப்பாற்ற ஐயரும் நீரில் இறங்கினார். இருவருமே திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 44. லண்டன் போலீஸாரிடமிருந்து தப்பியவர், சிறையிலிருந்து மீண்டவர், நாம் பிக்னிக் போகும் இடத்தில் போய்விட்டார்.

பெற்ற மகள் விழும்போது எந்தத் தகப்பனும் யோசித்துக்கொண்டு நிற்கமாட்டான். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. ஓடும் நீரில் காப்பாற்றப் போகிறவரும் சேர்ந்து போய்விடுவது இன்றும் நடக்கிறது. முதலில் எட்டிப் பிடிக்க ஏதாவது நீட்ட வேண்டும், அல்லது வீச வேண்டும். கயிறு, வேட்டி, துண்டு, காலி பிளாஸ்டிக் கேன் எதுவானாலும் சரி. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில் நீரில் தத்தளித்த இளைஞர்களுக்கு மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை அவிழ்த்து வீசி இருவரைக் கரையேற்றினார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

வெளியே எடுத்த பிறகு என்ன செய்வது? 1925-இல் மருத்துவர்களுக்கே முழு விடை தெரியாது. குப்புறப் படுக்க வைத்து முதுகை அழுத்தும் முறைதான் அப்போது வழக்கில் இருந்தது. மார்பை அழுத்தி நின்ற இதயத்தின் வேலையை வெளியிலிருந்தே செய்யலாம் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கண்டறிந்து எழுதியது 1960-இல்தான். ஐயர் காலத்தில் அது இல்லை. நம் காலத்தில் இருக்கிறது, ஆனால் நமக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதை நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எனக்கே ஒரு கணக்கு நேராகாமல் நிற்கிறது. நான் வங்கியில் கவுண்டரில் இருந்த காலம். பென்ஷன் நாள், கூட்டம் நிறைய. வரிசையில் நின்ற ஒரு பெரியவர் அப்படியே சரிந்து விழுந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்தோம், கையில் சாவிக்கொத்தைத் திணித்தோம், ஒருவர் சோடா வாங்க ஓடினார். நான் அவருடைய பித்தளை டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆட்டோ வந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மார்பை அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பாரா, சொல்ல முடியாது. ஆனால் சுற்றி நின்ற இருபது பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. அந்த இருபதில் நானும் ஒருவன்.

மூச்சும் இதயமும் நின்றுவிட்டால் நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அதற்குள் வருவது கடினம். அதனால் அந்த நிமிடங்கள் பக்கத்தில் இருப்பவர் கையில்தான். ஒருவர் மயங்கி விழுந்து, கூப்பிட்டாலும் அசையாமல், மூச்சும் சரியாக இல்லையென்றால்:

1. ஒருவரை 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். போனை ஸ்பீக்கரில் வையுங்கள்.

2. தரையில் மல்லாந்து படுக்க வைத்து, மார்பின் நடுவில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழ விடுங்கள்.

3. பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தலுக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கலாம். பயிற்சி இல்லாதவர்கள் அழுத்திக்கொண்டே இருந்தால் போதும்.

4. நீரில் மூழ்கியவருக்குக் குறைந்தது காற்றுதான். அவருக்கு முதலில் மூச்சு கொடுத்துவிட்டு அழுத்தத் தொடங்க வேண்டும். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் கூடாது. அதில் நேரம்தான் வீணாகும்.

இதைப் படித்தால் மட்டும் கை வராது. பொம்மையில் ஒருமுறையாவது அழுத்திப் பார்க்க வேண்டும்.

எனவே சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று கோரிக்கைகள் வைக்கப் போகிறேன். ஒன்று, குடியிருப்போர், செக்யூரிட்டி, வீட்டு வேலைக்கு வருபவர்கள் எல்லோருக்கும் ஒருநாள் சி.பி.ஆர். பயிற்சி. இரண்டு, 108-க்குச் சொல்ல வேண்டிய நம் முழு முகவரியும் அடையாளமும் ஒவ்வொரு லிஃப்டிலும் ஒட்டப்பட வேண்டும். மூன்று, ஸ்ட்ரெச்சர் நம் லிஃப்டில் நுழையுமா என்று அளந்து பார்க்க வேண்டும்.

நம்மில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். எனக்கு ஒன்று என்றால் முதலில் ஓடி வரப்போவது எதிர்வீட்டுக்காரர்தான். அவருக்கு ஒன்று என்றால் நான்தான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவரை அடித்துக்கொண்டு போனதை நாம் மறந்திருக்கமாட்டோம். தண்ணீர் வரத்து கூடும்போது தடை போட்டால் முணுமுணுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். பாறைகளில் பிள்ளைகளைத் தாண்ட விடாதீர்கள்.

அடுத்தமுறை விருந்தாளிகளோடு பாபநாசம் போனால், பிள்ளைகளுக்கு வ.வே.சு. ஐயர் கதையைச் சொல்லுங்கள். அப்படியே பயிற்சிக்கு உங்கள் பெயரையும் சங்க அலுவலகத்தில் எழுதிவிடுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.