தேவதாரு மரங்களில் வெண்பனி

மார்கழி விடியலில் பொம்மனஹள்ளியைப் பார்த்திருப்பீர்கள். ஓசூர்ச் சாலையின் மேம்பாலம் மூடுபனிக்குள் பாதி மறைந்திருக்கும். சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் இலைநுனிகளில் நீர்த்துளிகள் திரண்டு நிற்கும். சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவி ஒருத்தி அத்தகைய மரமொன்றைக் கைப்பேசியில் படம்பிடித்து வந்து, பனி மூடிய மரம் என்று காட்டினாள். பக்கத்து இருக்கை மாணவன் ஒப்பவில்லை. சிம்லாவில் வெள்ளையாகக் கொட்டுவதே பனி என்றான் அவன்.

இருவர் கூற்றும் சரியே. புல்நுனியில் நிற்கும் துளியையும், கண்ணை மறைக்கும் புகைபோன்ற படலத்தையும், வானிலிருந்து வெண்பஞ்சாய் விழுவதையும் பனி என்ற ஒரே சொல்லால் வழங்கும் மொழி நம்முடையது. தொல்காப்பியம் முன்பனி, பின்பனி என இரு பருவங்களை வகுக்கிறது. அவை குளிர்ந்த துளியின் பருவங்களே. கிளையை வளைக்கும் வெண்பனியின் பருவங்கள் அல்ல. உதகையின் புல்வெளிகளில் உறைபனி படர்வதுண்டு. பெங்களூரிலோ இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரி செல்சியஸ்தான். அது 1884ஆம் ஆண்டு ஜனவரியில். நீர் உறைவதற்கு அது போதாது.

நெல்லைச் சீமையில் பிறந்த நானும், வடக்கே ஒரு மலைநகருக்குப் பணிமாற்றம் பெற்றுச் சென்ற பின்னரே வெண்பனி சுமந்த மரத்தை முதன்முதலாகக் கண்டேன். ஆர்வத்தோடு எடுத்த படத்தில் அவ்வெண்மை சாம்பல் நிறமாகப் பதிந்திருந்தது. பனியைப் படம்பிடிப்பது எளிதன்று என்பதை அன்று அறிந்தேன். இத்தனை கருவிகள் இருந்தும் நமக்கு இந்த நிலை என்றால், கண்ணாடித் தகட்டில் கைப்பட மருந்து பூசிப் படமெடுத்த காலத்தில் அது எத்தகைய வேலையாக இருந்திருக்கும்? அந்த வேலையைச் செய்தவர்களுள் தலையாயவர் சாமுவேல் போர்ன். அவர் வரலாற்றையே இப்பாடம் கூறுகிறது.

போர்ன் 1834ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இங்கிலாந்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் நாட்டிங்காம் நகரில் வங்கிப் பணியில் அமர்ந்தார். பகலெல்லாம் கணக்கேடு, ஓய்வு நேரமெல்லாம் ஒளிப்படக் கருவி. அவர் எடுத்த இயற்கைக் காட்சிகள் கண்காட்சிகளில் இடம்பெற்றன. 1862ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சியிலும் வைக்கப்பட்டன. நிலையான ஊதியமா, நெஞ்சுக்கு இசைந்த கலையா என்ற கேள்வி எழுந்தபோது அவர் வங்கியை விட்டார். கப்பலேறி 1863ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

கல்கத்தாவில் வில்லியம் ஹோவர்டு என்பவரோடு கூட்டுச் சேர்ந்த போர்ன், சிம்லா சென்று தொழில் தொடங்கினார். பின்னர் சார்லஸ் ஷெப்பர்டு இணைந்தார். ஹோவர்டு விலகியதும் நிறுவனம் 'போர்ன் அண்டு ஷெப்பர்டு' எனப் பெயர் பெற்றது. 1864 முதல் சிம்லா ஆங்கில அரசின் கோடைத் தலைநகராயிற்று. ஆளுநர்களும் படைத்தலைவர்களும் தங்கள் உருவப்படங்களுக்காக வந்து நின்றனர். நிலையத்தில் ஷெப்பர்டு கருத்தூன்ற, போர்ன் மலைகளை நோக்கி நடந்தார்.

அவர் கையாண்டது 1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை. அதைச் சற்று விளக்கமாக அறிந்துகொண்டாலன்றி அவருடைய உழைப்பு நமக்கு விளங்காது. வெடிப்பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கொலோடியன் என்னும் பசைநீர் கிடைக்கும். அயோடைடு உப்புக் கலந்த அந்நீரைத் துடைத்த கண்ணாடித் தகட்டின்மேல் ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, சீராகப் படரச் செய்ய வேண்டும். பிறகு இருட்டில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்க்க வேண்டும். அப்போதுதான் தகடு ஒளியை உணரும். ஈரம் உலர்வதற்குள் கருவியில் பொருத்திப் படமெடுத்து, உடனே இருட்டுக்கு எடுத்துச் சென்று கழுவியும் விடவேண்டும். எல்லாம் சில நிமிடங்களில் முடிய வேண்டும். உலர்ந்தால் தகடு பயனற்றது. ஆகவே போர்ன் சென்ற இடமெல்லாம் இருட்டறைக் கூடாரமும் சென்றது. படத்தைப் பெரிதாக்கும் வசதி அன்று எளிதாக இல்லை. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய கண்ணாடி வேண்டும். அவருடைய தகடுகள் 12 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் உடையவை. நூற்றுக்கணக்கான தகடுகள், மருந்துப் புட்டிகள், கருவிகள், கூடாரம், உணவு. இவை யாவும் மனிதர் முதுகில் ஏறியே மலை கடந்தன.

1863ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் ஏறத்தாழ முப்பது சுமைதூக்கிகளுடன் முதற்பயணம் புறப்பட்டது. சட்லெஜ் பள்ளத்தாக்கு வழியே சினி வரை சென்று, அக்டோபரில் 147 நெகட்டிவ்களோடு திரும்பினார். கண்ட மலைகள் அவருக்கு முழு நிறைவைத் தரவில்லை என்பது வியப்புக்குரியது. இமயம் கருவியின் கண்ணுக்குள் அடங்காத அளவு பெரியது என்றும், படத்துக்கு அழகு சேர்க்கும் ஏரியும் மரச்செறிவும் அங்குக் குறைவு என்றும் அவர் கருதினார். அவர் மனம் தேடிய நீரும் மரமும் 1864இல் காஷ்மீரில் கிடைத்தன. 1866இல் மூன்றாம் பயணம். குலு, லாகுல், ஸ்பிதி வழியாகச் சென்று, 18,600 அடி உயரத்திலுள்ள மணிரங் கணவாயில் நின்று படமெடுத்தார். அதைவிட உயரமான இடத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வரை எவரும் ஒளிப்படம் எடுக்கவில்லை. அப்பயணத்திலேயே கங்கை பிறக்கும் பனியாற்றையும் பதிவுசெய்தார்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. மலைக் கிராமங்களிலிருந்து வேலைக்கு அமர்த்தப்பட்ட சுமைதூக்கிகள் சிலர், கடுங்குளிரையும் அபாயத்தையும் அஞ்சிச் சுமையை வழியிலேயே விட்டு ஓடினர். அவர்களைத் தேடிப் பிடித்துத் தடியால் அடித்ததைப் போர்ன் தம் பயணக் கட்டுரைகளில் தாமே எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் ஒளிப்பட இதழில் வெளிவந்த அக்கட்டுரைகளில் அதைப்பற்றிய வருத்தம் மிகுதியாக இல்லை. ஆள்வோர் இனத்தவர் என்ற நினைப்பு அவரிடமும் இருந்தது. தாம் எடுத்த ஒவ்வொரு தகட்டுக்கும் எண்ணிட்டுத் தம் பெயரையும் பொறித்தவர் அவர். அத்தகடுகளைக் கணவாய் வரை சுமந்து, உடையாமல் இறக்கியவர்களின் பெயர்கள் எந்தத் தகட்டிலும் இல்லை. படங்களின் அழகைப் போற்றும்போது, வெறுங்காலோடு பனியில் நடந்தவர்களையும் நான் எண்ணிக்கொள்வதுண்டு. நீங்களும் எண்ணிப் பாருங்கள்.

மூன்று பெரும் பயணங்களும் மலைகளைத் தேடிச் சென்றவை. பனி மரங்களோ அவர் இருந்த சிம்லாவிலேயே கிடைத்தன. சிம்லா ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. குளிர்காலம் வந்ததும் ஆங்கில அலுவலர்கள் சமவெளிக்கு இறங்கிவிடுவர், ஊர் வெறிச்சோடும். தேவதாரு மரங்கள் மட்டும் அங்கேயே நிற்கும். ஊசி இலைகளைக் கொண்ட அம்மரத்தின் கிளைகள் தட்டுத் தட்டாகக் கிடையாக நீண்டு, நுனியில் சற்றே தாழ்ந்திருக்கும். ஒவ்வொரு தட்டிலும் பனி அமரும். பாரம் மிகுந்தால் சரிந்து விழும். அவ்வாறு பனி தாங்கி நிற்கும் தேவதாருக்களைப் போர்ன் 1860களின் பிற்பகுதியில் சிம்லாவில் படம்பிடித்தார்.

அப்படத்தின் அருமை யாது? கொலோடியன் தகடு நீல ஒளியை மிகுதியாக உணரும். பச்சையைக் குறைவாகவே உணரும். எனவே வெண்பனி விரைந்து பதியும். பச்சை இலையோ பதியத் தயங்கும். இலைக்காகக் காத்திருந்தால் பனி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். பனிக்காக முந்தி மூடினால் மரம் கரிக்கட்டையாகும். இரண்டுக்கும் நடுவே ஒரு சில நொடி. அதைக் காட்ட அளவுகோல் ஏதும் இல்லை, அவருடைய பழக்கமே அளவுகோல். காற்று அசைந்தால் கிளை கலங்கலாகும். வெயில் ஏறினால் பனி உதிரும். குளிர் மிகுந்தால் மருந்துகளின் செயல் மந்தமாகும். கழுவ வைத்த நீர் உறையும். வெள்ளி நைட்ரேட்டில் கறுத்த விரல்கள் மரத்துப்போகும். இத்தனைக்கும் நடுவில் அவர் பதித்த படங்களில் பனியின் மேடும் குழியும் தெரிகின்றன. அடியிலுள்ள இலைக்கொத்தும் தெரிகிறது. மணிரங் கணவாயின் படத்தைச் சாதனை என்பர். எனக்கோ சிம்லாவின் தேவதாருக்களே பெரிதாகத் தோன்றுகின்றன. இமயத்தைப் பார்த்து அடங்கவில்லை என்று சலித்த கண், ஒரு மரத்தின் கிளையில் அமைதி கொண்டதாகவே நான் கொள்கிறேன்.

1867இல் இங்கிலாந்து சென்று மேரி டாலி என்பவரை மணந்து, மனைவியோடு இந்தியா திரும்பினார். 1869 வாக்கில் தென்னாட்டுக்கும் வந்தார். மதுரை, திருச்சி, தஞ்சைக் கோயில்களும் உதகையின் சோலைகளும் அவர் தகடுகளில் ஏறின. கோபுரப் படங்களை நம் வரலாற்று நூல்கள் சிலவற்றில் காணலாம்.

இந்தியாவில் ஏழெட்டு ஆண்டுகளே இருந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காட்சிகளைப் பதித்தபின், போர்ன் நாட்டிங்காமுக்கே திரும்பினார். அங்கு உறவினரோடு சேர்ந்து பருத்தி நூல் தொழில் நடத்திச் செல்வரானார். நீதிபதிப் பொறுப்பும் ஏற்றார். ஒளிப்படத்தைத் தொழிலாக மேற்கொள்ளவில்லை. ஓய்வு நேரத்தில் நீர்வண்ண ஓவியம் தீட்டினார். வங்கியை விட்டுக் கலைக்கு வந்தவர் மீண்டும் கணக்குக்கே சென்றது ஏன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அதற்கு நான் விடை சொல்வதில்லை. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் பெயர் தாங்கிய நிலையம் கல்கத்தாவில் தொடர்ந்து நடந்தது. 1991இல் அங்கு ஏற்பட்ட தீவிபத்தில் பழைய நெகட்டிவ்களுள் பெரும்பகுதி எரிந்தது. 2016இல் நிலையமே மூடப்பட்டது. அந்தக் கண்ணாடிகளிலிருந்து முட்டை வெண்கரு பூசிய தாளில் அக்காலத்திலேயே அச்சிட்ட படிகள், உலகின் பல அருங்காட்சியகங்களிலும் பழைய ஆல்பங்களிலும் சற்றே பழுப்பேறி இருக்கின்றன. சிம்லாவின் தேவதாருக்கள் அவற்றில் இன்னும் பனி சுமந்து நிற்கின்றன.