வெள்ளைச் சுவரில் கரி ரேகை
குற்றமற்றவரைக் காத்த டாக்டரின் கதை

ஜப்பான் நாட்டின் டோக்கியோ நகரில் ஒரு வெள்ளைச் சுவர். அதில் யாரோ ஏறியிருந்தான். கரி படிந்த அவன் விரல்களின் தடம் சுவரில் பதிந்திருந்தது.

சந்தேகம் ஒருவர்மீது விழுந்தது.

அந்தத் தடத்தை ஒரு டாக்டர் உற்றுப் பார்த்தார். சந்தேகத்துக்கு ஆளானவரின் ரேகை வேறு. சுவரில் இருந்த ரேகை வேறு! அவர் குற்றமற்றவர் என்பதற்கு அதுவே சாட்சி ஆயிற்று.

அந்த டாக்டரின் பெயர் ஹென்றி பால்ட்ஸ்.

பானை காட்டிய வழி

1843-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தவர் பால்ட்ஸ். 1874-ல் கிறிஸ்தவ ஊழியராக ஜப்பான் சென்றார். டோக்கியோவில் சுகிஜி என்ற இடத்தில் ஆஸ்பத்திரி நடத்தி வந்தார்.

ஒரு நாள் பழங்காலப் பானை ஓடுகளைப் பார்த்தார். அவற்றைச் செய்தவர்களின் விரல் பதிவுகள் அப்படியே இருந்தன. அதிலிருந்து ரேகை ஆராய்ச்சி தொடங்கியது.

அச்சு மையைத் தடவிப் பலருடைய விரல்களைக் காகிதத்தில் பதித்தார். மாணவர்களுடன் சேர்ந்து விரல் ரேகைகளைச் சவரக் கத்தியால் வழித்தும் பார்த்தார். தோல் மீண்டும் வளர்ந்தது. பழைய ரேகையே திரும்பி வந்தது!

கைவிட்டுப் போன புகழ்

குற்றவாளியை ரேகையால் கண்டுபிடிக்கலாம் என்று 1880-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார். விஞ்ஞானி டார்வினுக்கும் கடிதம் போட்டார். டார்வின் முதுமையில் இருந்தார். கடிதத்தைத் தம் உறவினர் கால்ட்டனிடம் அனுப்பினார்.

பின்னர் கால்ட்டன் ரேகை பற்றிப் புத்தகம் எழுதிப் புகழ் பெற்றார். முன்னோடி என்ற பெருமை, வங்காளத்தில் கைப்பதிவு வாங்கிய ஹெர்ஷல் என்ற அதிகாரிக்குக் கிடைத்தது. பால்ட்ஸ் லண்டன் போலீசாரை அணுகினார். அவர்கள் ஏற்கவில்லை. 1901-ல்தான் அங்கே ரேகைப் பிரிவு ஏற்பட்டது.

எதிர்த் தரப்பில்!

1905-ல் லண்டனில் ஒரு கொலை வழக்கு. பணப்பெட்டியில் இருந்த ஒரே ஒரு கட்டைவிரல் ரேகைதான் முக்கியச் சாட்சி. பால்ட்ஸ் எந்தப் பக்கம் இருந்தார் தெரியுமா? குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம்! ஒரு விரலை மட்டும் நம்பி உயிரைப் பறிக்கக் கூடாது என்பது அவர் கருத்து. ஆனால் அந்த இரு சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர்.

தம் உரிமைக்காகக் கடைசிவரை வாதாடினார் பால்ட்ஸ். 1930-ல், 86-வது வயதில், உரிய பெருமை கிடைக்காமலே காலமானார். பிற்காலத்தில் சுகிஜியில் அவருக்கு நினைவுக்கல் வைத்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ரேகையையும் இன்று காண முடிகிறது. யூரோப்பியம் போன்ற அருமண் உலோகங்கள் கலந்த பொடியைத் தூவுகிறார்கள். விரலின் வியர்வையிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் பொடி ஒட்டிக்கொள்கிறது. புற ஊதா விளக்கைக் காட்டினால் ரேகை ஒளிவிடுகிறது.

ஆனாலும் பார்ப்பவருக்கு வேண்டிய நிதானம் அன்றும் இன்றும் ஒன்றுதான். ரேகை குற்றவாளியைப் பிடிக்க மட்டுமல்ல, குற்றமற்றவரை விடுவிக்கவும்தான். அதை முதலில் செய்து காட்டியது அந்த வெள்ளைச் சுவர்!