பிரசவம் பார்க்க ரோமில் அனுமதி: டாக்டர் மேரி குளோரி

கல்வராயன்மலையில ரோடு போகாத ஊர்ல பிரசவ வலி வந்தா டோலி கட்டித்தான் தூக்கிட்டு வரணும். இது நம்ம பசங்களுக்குத் தெரிஞ்ச கதை. நூறு வருஷம் முன்னாடி, கள்ளக்குறிச்சியும் குண்டூரும் ஒரே மெட்ராஸ் மாகாணத்துல இருந்தப்போ, இன்னொரு தடையும் இருந்துச்சு. ஆம்பள டாக்டர்கிட்ட பிரசவத்துக்குக் காட்டப் பல குடும்பங்கள் ஒத்துக்கல. பெண் டாக்டர்களோ ரொம்பக் குறைவு.

கத்தோலிக்க கன்னியாஸ்திரிகள் அந்த இடத்தை நிரப்பியிருக்கலாமே? முடியாது. துறவிகள் ரோமின் தனி அனுமதி இல்லாமல் மருத்துவமோ அறுவை சிகிச்சையோ செய்யக் கூடாது என்றது 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம். அதிலும் பிரசவம் பார்ப்பது கற்பு வார்த்தைப்பாட்டுக்குப் பொருந்தாத வேலை என்று கருதினார்கள். உடலைப் பற்றிய ஒரு கூச்சம் சட்டமாவே ஆயிடுச்சுன்னு எனக்குத் தோணுது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1887இல் பிறந்தவர் மேரி குளோரி. மெல்போர்னில் மருத்துவம் படித்து 1910இல் டாக்டரானார். நல்லா ஓடிக்கிட்டிருந்த பிராக்டிஸ். 1915இல் ஒரு சிறு நூல் கைக்கு வந்தது. கன்னியாஸ்திரிகளை மருத்துவத்துக்கு அனுமதிக்கும்படி ரோமிடம் மன்றாடிய ஸ்காட்லாந்து டாக்டர் ஆக்னஸ் மெக்லாரனின் வாழ்க்கை அது. படிச்சவுடனே கப்பல் ஏறிடல. முதல்ல படிப்பைக் கூட்டினார்: மகப்பேறு, பெண்கள் நோய், கண் மருத்துவம் ஆகியவற்றில் 1919இல் எம்.டி. 1920 பிப்ரவரியில் குண்டூர் வந்து இயேசு மரி யோசேப்பு சபையில் சேர்ந்தார். போப் பதினைந்தாம் பெனடிக்ட் தனி அனுமதி தந்தார். கன்னியாஸ்திரியாகவும் டாக்டராகவும் ஒரே நேரத்தில் வேலை தொடங்கியது.

சின்ன மருந்தகம் செயின்ட் ஜோசப் மருத்துவமனையாக வளர்ந்தது. உள்ளூர்ப் பெண்களுக்கு நர்ஸ், கம்பவுண்டர் பயிற்சி கொடுத்தார். நாட்டு மூலிகைகளையும் கற்றார்.

மற்றவர்களுக்குத் தடை அப்படியே இருந்தது. ஆஸ்திரிய டாக்டர் அன்னா டெங்கல் 1925இல் அமெரிக்காவில் தொடங்கிய மருத்துவ சபையில் பகிரங்க வார்த்தைப்பாடே எடுக்காமல் சமாளித்தார்கள். நம்ம பாஷைல சொன்னா ஒரு பைபாஸ்! 1936 பிப்ரவரியில்தான் ரோம் இறங்கி வந்து, மிஷன் நாடுகளில் கன்னியாஸ்திரிகள் பிரசவமும் பார்க்கலாம் என்றது.

இதனால மேரியைத் திருச்சபையின் எதிராளின்னு நினைச்சிடாதீங்க. கரு உருவானதிலிருந்தே உயிர் புனிதம் என்ற போதனையில் அவர் உறுதியாக நின்றார். 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளைச் சங்கமாகச் சேர்த்ததிலும் அந்த எண்ணம் இருந்தது. அதுல நம்மில் பலர் அவரோட முரண்படலாம்.

புற்றுநோயோடு போராடி 1957 மே 5 அன்று பெங்களூரில் இறந்தார். அவர் ஆசைப்பட்ட கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி, செயின்ட் ஜான்ஸ், அதே ஊரில் 1963இல் திறந்தது.