போர் விமானத்துக்குச் சக்கரம் செய்தவர், பேத்திக்காகச் செய்த தள்ளுவண்டி: யார் இந்த ஓவன் மெக்லாரன்?

பிறக்கப்போகும் குழந்தைக்கு ஸ்ட்ரோலர் வாங்கலாம் என்று ஆன்லைனில் தேடினால், பெரும்பாலான பிராண்டுகள் முதலில் சொல்வது ஒரே விஷயத்தைத்தான். எடை குறைவு, ஒரே கையில் மடக்கலாம், கார் டிக்கியில் அடங்கிவிடும். சரி, இதில் குழந்தைக்கு என்ன லாபம்? நேரடியாக ஒன்றும் இல்லை. மடக்குவது, தூக்குவது, படியேற்றுவது எல்லாம் பெற்றோரின் வேலை. குழந்தை வண்டி என்றால் அதைத் தள்ளுபவரின் முதுகுவலியையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது இன்று நமக்கு இயல்பாகத் தெரிகிறது. 60 வருடங்களுக்கு முன்னால் அப்படி இல்லை. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர், விமானச் சக்கரங்களோடு பாதி வாழ்க்கையைக் கழித்த ஓவன் ஃபின்லே மெக்லாரன்.

(ஃபார்முலா ஒன் ரேஸ் கார் மெக்லாரன் வேறு. அது நியூசிலாந்துக்காரர் புரூஸ் மெக்லாரன் தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது.)

விமானமும் அதன் கால்களும்

1907ஆம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள சாஃப்ரன் வால்டன் ஊரில் பிறந்தவர் மெக்லாரன். விமானப் பொறியாளர். வெறும் வரைபடம் போடும் பொறியாளர் இல்லை, சோதனை விமானியும்கூட. அவருடைய தனி ஆர்வம், விமானத்தின் கால்கள் என்று சொல்லத்தக்க லேண்டிங் கியர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பெருமையாக இருந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பை வடிவமைத்ததில் பங்கு உள்ளவராக அவர் அறியப்படுகிறார்.

லேண்டிங் கியர் என்பது விசித்திரமான பொருள். தரையிறங்கும் சில நொடிகள், விமானத்தின் முழு எடையும் அதிர்ச்சியும் அதன் மேல்தான். மற்ற நேரமெல்லாம் அது வெறும் சுமை. அதனால் பலமாகவும் இருக்க வேண்டும், இலேசாகவும் இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் மடங்கி உள்ளே போய்விட வேண்டும். ஸ்பிட்ஃபயருக்கு இறக்கை ரொம்ப மெல்லியது. அந்த இறக்கைக்குள்தான் சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கி ஒளிந்துகொள்ளும். இடமே இல்லாத இடத்தில் ஒன்றை மடக்கி வைப்பது எப்படி என்பதுதான் இந்தத் துறையின் தினசரிக் கேள்வி.

மெக்லாரனின் சொந்த யோசனை ஒன்றும் உண்டு. பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது விமானத்தை இறக்குவது விமானிகளுக்குத் தலைவலி. மூக்கைக் காற்றின் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தால்தான் விமானம் ஓடுபாதைக்கு நேராக வரும். ஆனால் அப்படியே தரையைத் தொட்டால் சக்கரங்கள் கோணலாக உரசும். சக்கரத்தை மட்டும் தனியாகத் திருப்பி வைக்க முடிந்தால்? மூக்கு ஒரு பக்கம் பார்க்கட்டும், சக்கரம் ஓடுபாதையைப் பார்க்கட்டும். இந்த அமைப்பை உருவாக்க அவர் நிறுவனமே நடத்தினார், அது விமானங்களில் சோதிக்கவும்பட்டது. உலகம் முழுக்கப் பரவவில்லை. அவர் பெயரை நிலைக்க வைத்தது வேறொரு வாகனம்.

தேர் மாதிரி இருந்த பிராம்

மெக்லாரன் காலத்துக் குழந்தை வண்டிகளைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1733இல் டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்காக, வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் சிப்பி வடிவத்தில் ஒரு வண்டி செய்தார். அதைத் தள்ள வேண்டாம், ஆடோ குட்டைக் குதிரையோ கட்டி இழுக்கலாம். பணக்காரர் வீட்டு விளையாட்டுப் பொருள், அவ்வளவுதான். 1877இல் தொடங்கப்பட்ட சில்வர் கிராஸ் போன்ற நிறுவனங்கள் பிராமைக் கைதேர்ந்த தயாரிப்பாக வளர்த்தன. பெரிய சக்கரம், வில் போன்ற ஸ்பிரிங், ஆழமான தொட்டி. குழந்தை நீட்டிப் படுக்கலாம், குலுங்காது. பச்சிளங்குழந்தைக்கு இன்றுவரை அதைவிடச் சுகமான வண்டி வந்திருக்கிறதா என்பது சந்தேகம்தான்.

ஆனால் அதை வைத்திருக்க நல்ல பெரிய வீடும், நடைபாதையும் வேண்டும். அதோடு பஸ் ஏற முடியாது. மாடிப்படி ஏற முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வாழ்க்கை மாறியது. அடுக்குமாடி வீடுகள் எழுந்தன, சின்ன கார்கள் வந்தன, விமானப் பயணம் பெருகியது. பிராம் மட்டும் தேர் மாதிரியே இருந்தது. உட்கார வைத்துத் தள்ளும் சின்ன வண்டிகள் இருந்தன, சில மடங்கவும் செய்தன. தட்டையாக மடங்குமே தவிர, அகலம் குறையாது. எடையும் இறங்கவில்லை.

மகள் வந்தாள், பேத்தி வந்தாள்

1960களில் மெக்லாரன் ஓய்வு பெற்று, நார்தாம்ப்டன்ஷயரில் பார்பி என்ற கிராமத்தில் இருந்தார். வெளிநாட்டில் வசித்த மகள் கைக்குழந்தையோடு அப்பாவைப் பார்க்க வந்தார். பேத்தியைப் பார்த்த தாத்தா, கூடவே வந்த வண்டியையும் பார்த்தார். ஒரு கையில் குழந்தை, மறு கையில் பாரமான வண்டி என்று மகள் திண்டாடியது அந்தப் பொறியாளருக்குப் பொறுக்கவில்லை. அதுவும் மடக்குவதையே தொழிலாக வைத்திருந்தவர்.

1965இல், 58 வயதில், காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். விமானம் கட்டப் பயன்பட்ட அலுமினியம்தான் இங்கேயும் கைகொடுத்தது. அலுமினியக் குழாய்களை எக்ஸ் வடிவில் குறுக்காகப் பிணைத்தார். பின்பக்கம் ஒன்று, இருக்கைக்கு அடியில் ஒன்று. கத்தரிக்கோல் மூடுவதுபோல இவை மூடும்போது வண்டியின் அகலமும் குறைகிறது, நீளமும் குறைகிறது. கடைசியில் கையில் மிஞ்சுவது ஒரு குழாய்க் கட்டு, கிட்டத்தட்ட மடக்கிய குடை. இன்றும் இந்த வகை வண்டிக்கு அம்ப்ரெல்லா ஸ்ட்ரோலர் என்றுதான் பெயர். எடை சுமார் 3 கிலோ. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே, இன்னொரு கையால் மடக்கித் தோளில் மாட்டிக்கொள்ளலாம்.

இருக்கை வெறும் துணி. நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்டது. பலகை வைத்திருந்தால் மடங்காது. துணி என்பதால் குழாய்களோடு சேர்ந்து தானும் சுருங்கிக்கொண்டது. இந்த வண்டியின் சாமர்த்தியமே அந்தத் துணியில்தான் இருக்கிறது. அதன் குறையும் அங்கேதான்.

1967இல் தயாரிப்பு தொடங்கியது. பெரிய தொழிற்சாலை எல்லாம் இல்லை, வீட்டை ஒட்டிய பழைய குதிரை லாயம்தான் பட்டறை. முதல் வருடம் 1,000 வண்டிகள். 1976இல் ஆண்டுக்கு 6 லட்சம். வேறு நாடுகளுக்கும் போயின. 1978இல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருது கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில், 70 வயதில், மெக்லாரன் காலமானார்.

துணி இருக்கையில் என்ன சிக்கல்?

பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தொய்வான துணியில் சாய்த்து உட்கார வைத்தால், தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் இடிக்கும். மூச்சுப் பாதை குறுகும். அதனால்தான் முதுகு சாயாத மடிப்பு வண்டிகளை ஏறத்தாழ 6 மாதம் ஆன பிறகு பயன்படுத்தச் சொல்கிறார்கள். மெக்லாரனின் முதல் வண்டி தானே உட்காரத் தெரிந்த குழந்தைக்கானது. அதற்கு முன்னால், அந்தப் பழைய தேர் பிராம் தந்த தட்டையான படுக்கைதான் தேவை. இன்று நல்ல விலைக்கு விற்கும் ஸ்ட்ரோலர்கள் பல, மெக்லாரனின் மடிப்பையும் பிராமின் படுக்கையையும் ஒரே சட்டத்தில் சேர்க்கப் பார்க்கின்றன. முழுசாகச் சாயும் இருக்கை, அல்லது கழற்றி மாட்டும் தொட்டி. இரண்டையும் சேர்க்கும்போது எடை மறுபடி ஏறுகிறது. 3 கிலோ வண்டியில் பச்சிளங்குழந்தையை நன்றாகப் படுக்க வைக்க முடியும் என்று விளம்பரம் சொன்னால், ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

எடை குறைந்தால் இன்னொரு வம்பும் உண்டு. கைப்பிடியில் மளிகைப் பையை மாட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கினால் வண்டி பின்னால் கவிழும். சிலசமயம் குழந்தை உள்ளே இருக்கும்போதேகூட.

மடிப்பு மூட்டிலும் ஒரு விலை இருந்தது. மெக்லாரன் இறந்து 31 வருடங்களுக்குப் பின், 2009 நவம்பரில், அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் ஸ்ட்ரோலர்களுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வெளியிட வேண்டி வந்தது. வண்டியை விரிக்கும்போது பக்கவாட்டுக் கீலில் குழந்தைகளின் விரல் சிக்கியது. விரல் நுனி துண்டானதாக 12 புகார்கள். தீர்வு ரொம்ப எளிமையானது, கீலை மூடும் ஓர் உறை. அது இலவசமாக அனுப்பப்பட்டது.

இப்போது கடையில் ஸ்ட்ரோலரை மடக்கி விரித்துக் காட்டும்போது, எல்லோரும் எவ்வளவு சீக்கிரம் மடங்குகிறது என்றுதான் பார்ப்பார்கள். பக்கத்தில் குனிந்து கீலையும் பாருங்கள், மூடியிருக்கிறதா என்று. முழுசாக விரிந்ததும் பூட்டு விழும் சத்தம் கேட்கிறதா, பிரேக் இரண்டு சக்கரத்தையும் பிடிக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடலாம். வீட்டில் விரிக்கும்போது, குழந்தை இன்னொருவர் இடுப்பிலோ தொட்டிலிலோ இருக்கட்டும். வண்டி முழுசாக விரிந்து பூட்டு விழுந்த பிறகு உட்கார வைத்துக்கொள்ளலாம்.